செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

பொங்கல் விழா, இரத்ததான முகாம், வாணி விழா மூன்றும் வழமைபோல் நடந்தேறின. செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச அங்கத்தவர் வருகை) இல்லாமல் கலைந்த நாட்களும் உண்டு.

இவ்வாண்டு நான் முன்னின்று செய்தது சிறுவர்களுக்கான கண்காட்சி. நீலோற்பலம் என்ற நீல அல்லியையும் கிறிஸ்மஸ் தீவு பிரிகேட் (frigate) என்ற கடற்பறவையையும் ஏன் அருகருகே வைத்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

நீலோற்பலம் 1986இல் இலங்கையின் தேசிய மலரானது. சேற்றில் கிழங்கு, நீர்மேல் இலை, நனைந்தபடியே முழு வாழ்வு. அந்தப் பறவையோ கடலை நம்பிப் பிழைத்தும் கடலில் இறங்க மாட்டாது. இறகு நீரில் ஊறிவிடும். பறந்தபடியேதான் மீனைக் கவ்வும். இந்து சமுத்திரத்தில் அந்த ஒரே தீவில்தான் கூடு கட்டும். ஒரு முட்டைதான் இடும், குஞ்சை ஆளாக்க ஓராண்டுக்கு மேலாகும். பொஸ்பேற்று அகழ அத்தீவின் காட்டை வெட்டியபோது அதற்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. இன்றும் அது உலக அளவில் அச்சுறுத்தலுக்குள்ளான பறவை.

நீலோற்பலத்துக்கு ஆசியா எங்கும் குளங்கள் உண்டு. ஒரு குளத்தை மூடினால் இனம் அழியாது, ஆனால் அந்த ஊரில் அழிந்துவிடும். கொழும்பு 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அதே நகரில் சதுப்பில் மண் கொட்டுவது நிற்கவில்லை. இருப்பிடம் போனால் பூவும் போகும், பறவையும் போகும் என்பதை எங்கள் பிள்ளைகள் அறிந்து வளர வேண்டும் என்பதே என் நோக்கம்.

நீலோற்பலத்தை நேரில் பார்க்கப் பிள்ளைகளுடன் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் காலையிலேயே புறப்பட்டதற்கும் காரணம் உண்டு: மதியம் கடந்தால் பூ கூம்பிவிடும். மஞ்சள் மகரந்தத் தாள்களின் நுனியில் நீலம் இருப்பதைப் பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களுக்கும் சேர்த்தே வான் வாடகை கட்டினோம். வர முடியாதென ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்திருக்கலாம்.

கணக்கு விபரம் பொருளாளர் வசம் உள்ளது. கடன் இல்லை, கைமீதியும் பெரிதில்லை. சந்தா பாதிப்பேரிடமிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

தலைவர், பொருளாளர், மண்டபம் தந்தவர்கள், சிற்றுண்டி வழங்கிய தாய்மார் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பெல்லன்வில-அத்திடிய சரணாலயத்துக்குப் போகவும், கண்காட்சிப் பலகைகளைப் பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்லவும் விருப்பம். இப்பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். வேலை மட்டும் நின்றுவிடக் கூடாது. பற்றுச்சீட்டுப் புத்தகம் வாசல் மேசையில் உள்ளது. நிலுவை உள்ளோர் கூட்டம் முடிந்ததும் செலுத்திச் செல்லலாம்.

செயலாளர்