ஆட்டுக்குட்டியின் காது கிடைத்துவிட்டது

ஊர்க்காரர்களுக்கும் வெளியூரில் இருக்கும் நம்மவர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17 இரவு வந்த வெள்ளத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறது. வாசகசாலையின் கோடு என் நெஞ்சு உயரம். அது போதும். இந்த மடலைப் பொங்கலுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், கை ஓயவில்லை.

போனில் எல்லோரும் கேட்ட கேள்விக்கு முதலில் பதில். வாசகசாலையின் கிழக்கு ஜன்னல், மேய்ப்பரும் ஆடுகளும் உள்ள அந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல், பிழைத்துவிட்டது. மேல்பாதி அசையவே இல்லை. கீழ்ப்பாதியின் இரண்டு கண்ணாடிப் பலகங்கள் மரச்சட்டத்தோடு பெயர்ந்து உள்பக்கம் சேற்றில் விழுந்திருந்தன. அவற்றில் மொத்தம் 212 துண்டுகள். கையில் இருப்பவை 205.

இந்தக் கட்டடம் ஒன்றும் பேர்பெற்ற கட்டடம் இல்லை. 1826-இல் கட்டிய பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலை எல்லோருக்கும் தெரியும். கால்டுவெல் முப்பது வருடத்துக்கு மேல் பாடுபட்டு 1880-இல் முடித்த இடையன்குடிக் கோயிலைப் பார்க்க வெளிநாட்டிலிருந்துகூட வருகிறார்கள். எங்களுடையது மிஷன் பள்ளிக்கூடத்தின் சின்ன ஜெப அறை. யார் கட்டினார்கள் என்று ஒரு கல்கூடக் கிடையாது. பள்ளிக்கூடம் இடம் மாறிப் போனபின் நெல் கிட்டங்கியாக இருந்தது. அப்போது வெயில் படாமல் இருக்க ஜன்னல்களில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், கண்ணாடி தப்பியது அதனால்தான். வாசகசாலைக்காகச் சாக்கை அவிழ்த்த அன்று காலை உள்ளே விழுந்த நீலத்தைப் பார்த்து நாங்கள் நாலு பேரும் பேசாமல் நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

"உடைஞ்சத ஃபெவிகால் போட்டு ஒட்டிரலாமே" என்று சிலர் கேட்டார்கள். சாதாரணக் கண்ணாடி போட்டுக் கலர் ஸ்டிக்கர் ஒட்டித் தருவதாகவும் ஒருவர் வந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கண்ணாடியில் நிறம் மேலே பூசியது இல்லை, உருக்கும்போதே கலந்தது. நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்போ தங்கமோ. முகம், விரல், ஆட்டு ரோமம் போன்ற கோடுகளை மட்டும் கண்ணாடித் தூள் கலந்த ஒரு கறுப்பு மையால் தீட்டிச் சூளையில் சுட்டிருப்பார்கள். சூடு பற்றாத இடத்தில் அந்தக் கோடு விரல் பட்டாலே போய்விடும். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது காரீயப் பட்டை. இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும், பள்ளத்துக்குள் கண்ணாடி உட்கார்ந்திருக்கும். ஈயம் கையாலேயே வளையும். நூறு வருடம் காற்றையும் மழையையும் தாங்கும், ஆறே வந்து தள்ளினால் என்ன செய்யும்?

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் கதவைத் திறந்தோம். முழங்கால் அளவு சேறு, அதில் ஊறிப்போன புத்தகங்கள், நடுவில் எங்கேயோ கண்ணாடி. மண்வெட்டி போட்டால் எல்லாம் நொறுங்கும். சேறு காயட்டும், அப்புறம் உடைத்து எடுக்கலாம் என்று நாங்கள் முடிவுசெய்து வாசலில் நின்றுகொண்டிருந்தோம். எதிர்வரிசையில் இருந்து ஓர் அக்கா வந்தார். பெயரைப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். பீடி சுற்றுகிறவர். கையில் பீடி சுற்றுகிற சுளகு.

"காய விட்றாதிய தம்பி. காஞ்சா மண்ணு இறுகிப் பிடிச்சுக்கிடும். ஈரத்தோடயே எடுக்கணும்."

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்து, வாங்கி வைத்த இலையும் தூளும் மொத்தமாகப் போயிருந்தது. "இலை இல்ல, கை சும்மாதான இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு நாள் வந்தார். காலையில் வீட்டுச் சேற்றை வாரிவிட்டு, பத்து மணிக்கு எங்கள் சேற்றுக்கு. ஒரு சருவத்தில் இரண்டு கை சேறு, மேலே தண்ணீர், பிறகு அரிசியில் கல் அரிக்கிற மாதிரி மெதுவாக ஓர் ஆட்டு. சோற்றுக்கு அரிக்கும்போது கல்லைத் தள்ளுவோம், இங்கே கல்தான் வேண்டும் என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். கிடைத்ததைச் சுளகில் நிறம் நிறமாகப் பரப்பி, பீடி இலையை மூடுவதுபோல ஈரத்துணியால் மூடிவைப்பார். கையுறை கொடுத்தால் வாங்க மாட்டார். "அதப் போட்டா விரலுக்குக் கண்ணு போயிரும்." ஈயம் உடம்புக்கு ஆகாது, கீறினால் வினை என்று நான் தினமும் சண்டை போட்டேன். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுவதற்கு மட்டும் சம்மதித்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஆயிரம் பீடிக்கு ஒரே அளவாக இலை வெட்டிச் சுருட்டுகிற கை அது. நாங்கள் பார்த்துத் தள்ளிவிட்ட சேற்றிலிருந்து நகக்கண் அளவுத் துண்டுகளை எடுத்தார். ஆட்டுக்குட்டியின் காது அப்படித்தான் கிடைத்தது. புளியங்கொட்டை அளவு, அதில் மூன்று ரோமக் கோடு அழியாமல் இருந்தது.

சென்னையில் இந்த வேலை தெரிந்தவர் ஒருவர் வீடியோ காலில் தினமும் வழிகாட்டினார். ஈரத்துணியைப் பார்த்துவிட்டு, இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். போனை அக்காவிடம் திருப்பினேன். அக்கா முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்தது அடுக்குகிற வேலை. ஓர் ஓவிய ஆசிரியர் சில வருடம் முன்பு பிள்ளைகளைக் கூட்டிவந்து ஜன்னல் மேல் தாளை வைத்துக் கிரேயானால் தேய்க்கச் சொல்லியிருந்தார். அந்தத் தாள்கள் அவர் வீட்டு மாடியில் பத்திரமாக இருந்தன. ஈயக் கோடுகள் அதில் அப்படியே இருக்கின்றன, ஆனால் நிறம் இல்லை. நிறத்துக்காக எங்கள் ஆண்டுவிழாப் படங்களைத் தேடினால், ஒவ்வொன்றிலும் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு சிறப்பு விருந்தினர்கள் நிற்கிறார்கள்.

அக்காதான் சொன்னார். "மூணு ஆடு. ரெண்டு பெருசு, ஒரு குட்டி. குட்டி இடது பக்கம், காலுக்குக் கீழ பச்சை. மேய்ப்பர் காலடியில ஒரு சிவப்புப் பூ."

குட்டி வலது பக்கம் என்று நான் சாதித்தேன். எத்தனை வருடமாக அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன்! அவர் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவர் ஒரு நாளும் உள்ளே வந்தது கிடையாது. வெளியே இருந்து பார்த்தால் இடது வலது மாறத்தானே செய்யும்.

பகலில் வெளியே இருந்து பார்த்தால் இந்த ஜன்னல் வெறும் கறுப்பு. உள்ளே விளக்கு எரியும்போதுதான் தெருவுக்கு நிறம் தெரியும். பொழுது சாய்ந்தபின் திண்ணையில் உட்கார்ந்து மிச்சப் பீடியைக் கட்டும்போது எதிரே அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாராம். உள்ளே ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "படிக்கத் தெரிஞ்சவங்க வாற இடம்லா" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கரண்டுக் கட்டணம் கூடுகிறது என்று ஆறு மணிக்கே உள் விளக்கை அணைக்கத் தீர்மானம் போட்டவனும் நான்தான். "இப்பல்லாம் சீக்கிரம் அணைச்சுப்புடுதிய" என்று அவர் சொன்னபோது குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார்.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் நன்றி சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். மோட்டாரோடு வந்து இரண்டு நாள் தண்ணீர் இறைத்த பையன்கள், வெளி மாவட்டத்திலிருந்து வந்து எங்கள் தெருவைக் கூட்டிய தூய்மைப் பணியாளர்கள், பலகங்களைப் படுக்கவைக்கப் பத்தமடைப் பாய்கள் கொண்டுவந்து இறக்கிவிட்டு வாடகை வாங்காமல் போன லோடு ஆட்டோக்காரர், கடையே மூழ்கியும் அடுப்பு மூட்டி டீ போட்டவர், நூறும் இருநூறுமாக அனுப்பிய நம்மவர்கள். உங்கள் எல்லோருக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், வந்து பார்க்கலாம்.

இனி செய்யப்போவது. கிடைக்காத ஏழு துண்டுகளுக்குப் பதிலாக வெளிறிய சாதாரணக் கண்ணாடியே வரும். போலியாக வரைந்து நிரப்பப் போவதில்லை, போனது போனதாகவே தெரியட்டும். கீழ்ப் பலகங்கள் இரண்டையும் ஆணி அடிக்காமல் கழற்றி மாட்டும்படி தனிச் சட்டத்தில் வைக்கிறோம். அடுத்த முறை ஆற்றில் எச்சரிக்கை வந்ததும் முதலில் அவை மாடிக்குப் போகும். புத்தகம் பிறகுதான், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். விளக்குத் தீர்மானத்தை ரத்துசெய்தாயிற்று. இனி இரவு ஒன்பது வரை எரியும். வாசகர் யாரும் இல்லாவிட்டாலும் எரியும்.

இப்போதைக்கு ஜன்னலின் கீழ்ப்பாதியில் பிளைவுட் பலகை அடித்திருக்கிறோம். நேற்று அக்கா மறுபடி இலை வாங்கிவந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அந்தப் பலகைய எப்ப எடுப்பிய?"

சித்திரைக்குள் என்று சொல்லியிருக்கிறேன்.