தேன்மொழிக்கு, இணையப் பாதுகாப்பு வகுப்பு பற்றி

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் கிடைத்தது. மாமா ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். அம்மாவுக்கு மூட்டுவலிதான், மழைக்காலத்தில் கூடிவிடுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு இணையப் பாதுகாப்பு எடுக்கச் சொல்லி ஹெச்.எம். உன்னிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். பாஸ்வேர்டிலிருந்து தொடங்காதே. செல்போன் கெட்டது என்ற பேச்சிலிருந்தும் வேண்டாம், அதை அவர்கள் வீட்டில் தினமும் கேட்கிறார்கள். தப்பாக ஏதாவது நடந்துவிட்டால் யாரிடம் சொல்வது, சொன்னால் பெரியவர்கள் என்ன செய்வார்கள், அங்கிருந்து தொடங்கு. நம் பிள்ளைகள் முன்பின் தெரியாதவனுக்குப் பயப்படுவதைவிட வீட்டுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பையன் என்றால் போனைப் பிடுங்குவார்கள், பெண் என்றால் படிப்பையே நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இது அந்தப் பெண்ணுக்கும் தெரியும், இன்ஸ்டாகிராமில் நட்பாகப் பேசிப் படம் வாங்கிக்கொண்டு மிரட்டுகிறவனுக்கும் தெரியும். "உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்" என்ற ஒரு வரியை வைத்துத்தான் அவன் எல்லாவற்றையும் சாதிக்கிறான். அந்த வரிக்கு வலு இல்லாமல் செய்வதுதான் நம் வேலை என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நமக்குத் தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் இருந்தால் அதற்கே தண்டனை உண்டு. அதனால் நான் வகுப்பில் சொல்வது இதுதான்: திட்ட மாட்டேன், உன் மேல் பழி போட மாட்டேன், உனக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன், வீட்டில் பேசும்போது உன் பக்கம் உட்கார்ந்திருப்பேன். இவ்வளவுதான் நம்மால் உண்மையாகத் தர முடிந்தது, பிள்ளைகளுக்கும் இது போதும். அப்புறம், யாராவது படத்தோடு வந்தால் அதை உன் போனுக்கு அனுப்பச் சொல்லாதே, அப்படி வாங்கி வைத்திருப்பதே குற்றமாகிவிடும். மிரட்டுகிறவனின் அரட்டையை அழிக்காமல் வைத்திருக்கச் சொல். 1098, 1930 இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வை. முன்னது குழந்தைகளுக்கான உதவி எண், பின்னது பணம் போனால் உடனே கூப்பிட வேண்டியது. ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் இலவச டைமண்ட் என்று வரும் லிங்க்கைத் தொட்டு அப்பாவின் ஓடிபியைக் கொடுத்துவிடும் பையன்களுக்கு அந்த இரண்டாவது எண் கட்டாயம் தேவைப்படும்.

பொய்ச் செய்தியை வேறு பாடமாகப் பிரித்து எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். பிரிக்காதே. ஏமாற்றுகிற லிங்க்கும் வதந்தியும் ஒரே இடத்தில்தான் கை வைக்கின்றன. யோசிக்க விடாமல் அவசரப்படுத்துவது, பயப்படுத்துவது. எங்கள் பக்கம் இதற்கு வேறு உதாரணமே தேட வேண்டியதில்லை. 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த குடும்பத்தைக் குழந்தை கடத்துகிறவர்கள் என்று நினைத்து ஊரே அடித்ததே, 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனாரே, அதற்கு முன் பல நாளாக எல்லார் போனிலும் குழந்தை கடத்தல் வாட்ஸ்அப் செய்திதான். அவர்கள் செய்தது குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது மட்டும்தான் என்கிறார்கள். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த வருடம் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வருகிறவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள், நினைவிருக்கிறதா? அது பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் யாரோ வெட்டிவிட்டார்கள். இதை வகுப்பில் சொல்லிப் பார். எதை நம்ப வேண்டும் என்று நாம் பிரசங்கம் செய்யவே வேண்டாம், இதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைன்பர்க், மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 25 மாணவர்கள், செய்தி சரிபார்க்கும் வேலையில் இருக்கும் 10 பேர், எல்லோரிடமும் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் உருட்டி உருட்டிப் படித்து, அழகான லோகோவையும் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய், வேறு டேப் திறந்து, இவர்கள் யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் இத்தனை காலமும் கவனமாகப் படி, திரும்பப் படி என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், இங்கே வேண்டியது பாதியில் நிறுத்தி வெளியே வருவது. ஹைடெக் லேபில் ஒரு பிரியட் இதை மட்டும் பழக்கினால் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று யாராவது கேட்டால் கேரளாவைக் காட்டு. 2018இல் கண்ணூரில் கலெக்டராக இருந்த மீர் முகமது அலி, சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அதற்கு முன் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி பற்றி வந்த வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்ததும் ஒரு காரணம். 2017இல் இங்கேயும் அதே கதைதானே. 2024இல் அங்கே 5, 7ஆம் வகுப்புக் கணினிப் பாடப் புத்தகத்திலேயே செய்தி சரிபார்ப்பு வந்துவிட்டது. நம் பக்கம் இன்னும் ஆர்வமுள்ள ஆசிரியர் இருந்தால் நடக்கிறது, அவர் மாற்றலாகிப் போனால் நின்றுவிடுகிறது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

உன்னிடம் ஒரு உதவி. திருப்பூர் என்பதால் உன் வகுப்பில் பீகார், ஒடிசா பிள்ளைகள் இருப்பார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவியபோது, அதில் ஒன்று ராஜஸ்தானில் ஜோத்பூரில் நடந்த ஒரு கொலை. அந்த நாட்களில் தங்கள் வீட்டு போன்களுக்கு என்னென்ன வந்தது, வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், யார் சொன்னதை நம்பித் திருப்பூரிலேயே இருந்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் மெதுவாகக் கேட்டு எனக்கு எழுது. பெயர் எதுவும் வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு அத்திமூர் தெரியும், அந்தப் பக்கத்துக் கதை தெரியாது. இரண்டையும் சேர்த்து அடுத்த பருவத்துக்கு ஒரு பாடம் தயார் செய்யலாம் என்று இருக்கிறேன். நீயும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கலைவாணி