டிக்கெட் மலிவுதான், விமானம் நிலைக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த கட்டண விமான நிறுவனங்களின் வளர்ச்சி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய இண்டிகோ 2023-ல் ஏர்பஸிடம் ஒரே மூச்சில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, உள்நாட்டில் பறக்கிறவர்களில் பத்தில் ஆறு பேர் அதில்தான் போகிறார்கள் என்றெல்லாம் இருந்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்த 500 விமானங்களும் ஏ320 வகைப் பெரிய விமானங்கள். காமலாபுரத்தில் இருக்கும் எங்கள் சேலம் விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர், அதற்குப் பொருத்தமானது இறக்கையில் விசிறி சுற்றுகிற, 78 பேர் உட்காரும் ஏடிஆர். ஆகவே கம்பெனி வளர்வதும் சேலத்துக்கு விமானம் வருவதும் ஒன்றல்ல, இதைக் கட்டுரையாளர் எங்கேயும் பிரித்துச் சொல்லவில்லை.

எங்களுக்கு விமானம் புதிதல்ல, அது நின்றுபோவதும் புதிதல்ல. 1993-ல் நிலையம் திறந்தபோது என்.இ.பி.சி. விமானக் கம்பெனி வந்தது, போனது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது. அதற்கு முன்னால், கேப்டன் கோபிநாத் 2003-ல் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு ஏடிஆர் விட்டு ஆரம்பித்த ஏர் டெக்கானை 2007-ல் கைக்குள் போட்டுக்கொண்டதும் இதே கிங்ஃபிஷர்தான். சின்ன ஊர்க்காரனையும் ஏற்றுவோம் என்று கிளம்பிய கம்பெனி கடைசியில் ஆடம்பரக் கம்பெனிக்குள் கரைந்தது, வாங்கியவரும் 2012-ல் மொத்தமாகத் தரையிறங்கினார். அப்புறம் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்கு விட்டது, நம் ஆட்கள் பழகிக்கொண்டார்கள், 2021-ல் அதுவும் இல்லை. மறுபடி உயிர் வந்தது 2023 அக்டோபரில், அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தபோது.

ட்ரூஜெட் காலத்திலிருந்து நடக்கும் இந்த வந்து போகிற விளையாட்டுக்குக் காரணம், சின்ன ஊர்களுக்கு மலிவாக விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2016-ல் திட்டத்தை அறிவித்தபோது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்றார்கள், எல்லா இருக்கையும் அந்த விலைக்கு என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ஏறத்தாழ பாதி இருக்கைக்குத்தான் அந்த உச்சவரம்பு, மீதியைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு விற்கலாம், அதனால்தான் தீபாவளி நெருங்கினால் விலை எகிறுகிறது. பாதி இருக்கையை மலிவாகக் கொடுப்பதால் விழும் துண்டை அரசு ஈடுகட்டும், மத்திய அரசு 80 சதவீதம், மாநிலம் 20 சதவீதம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி பெரிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்களிடமிருந்து வசூலிக்கப்படுகிறது. எரிபொருள் மீதான வாட் வரியையும் மாநிலம் 1 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் சேர்ந்துதான் அந்த மலிவு டிக்கெட். இந்த மானியம் ஒரு வழித்தடத்துக்கு மூன்று ஆண்டுதான். 2018 மார்ச்சில் ஆரம்பித்தது 2021-ல் நின்றது, நடுவில் கொரோனா வேறு. 2023 அக்டோபரில் ஆரம்பித்ததற்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மானியம் முடிந்த பிறகும் வண்டி ஓட வேண்டுமானால் ஆள் ஏற வேண்டும். ஏறுவதற்கு டிக்கெட் விலை மட்டும் போதாது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறவருக்கும் ஜவ்வரிசி மண்டிக்காரருக்கும் வேண்டியது காலையில் போய் வேலையை முடித்துவிட்டு ராத்திரி வீட்டுச் சோறு சாப்பிடுவது. நட்டநடுப் பகலில் ஒரு விமானம் வைத்தால் போகிற நாளும் வீண், வருகிற நாளும் வீண். அதற்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கிக்கொண்டே சென்னை போய்விடலாம், அவசரமென்றால் வந்தே பாரத் இருக்கிறது. பெங்களூரு என்றால் தொப்பூர் வழியாகக் காரிலேயே போய்விடுகிறார்கள். ஊரிலிருந்து விமான நிலையம் ஏறக்குறைய 20 கி.மீ., ஐந்து ரோட்டிலிருந்து டாக்ஸி பிடிக்கும் காசையும் நேரத்தையும் யாரும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பார்ப்பதில்லை. விமான நேரத்துக்கு ஏற்ற மாதிரி புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பஸ் விடுவது அவ்வளவு பெரிய காரியமா?

இன்னொன்று, ஒரே கம்பெனியை நம்புவது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் விமானிகளின் பணி நேர விதி மாறியதற்கு இண்டிகோ தயாராக இல்லாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், விமானக் கட்டணத்துக்கு மத்திய அரசே உச்சவரம்பு போட வேண்டிவந்ததும் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் மாட்டிக்கொண்டவனுக்கு வேறு கம்பெனியாவது இருந்தது. சின்ன ஊரில் அந்த ஒரு ஏடிஆர் வரவில்லை என்றால் அன்றைக்கு நிலையத்துக்கே பூட்டுத்தான். பத்தில் ஆறு பேர் ஒரே கம்பெனியின் விமானத்தில் போகிறார்கள் என்பதை நீங்கள் சாதனையாக எழுதுகிறீர்கள், எனக்கு அது வயிற்றைக் கலக்குகிறது.

ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் வருமே என்று உடனே சொல்வார்கள். அதற்குக் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகளின் நிலம் வேண்டும், 2018-ல் அவர்கள் போராடியதை ஓமலூர்ப் பக்கம் யாரும் மறக்கவில்லை. இருக்கிற ஓடுபாதையில் இருக்கிற விமானத்தை உருப்படியான நேரத்தில் விட்டுக் காட்டட்டும், அதற்குப் பிறகு நிலத்தைப் பற்றிப் பேசலாம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரை விமான நிறுவனத்திடமும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடமும் இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: சேலத்துக்கு மானியம் நின்ற பிறகு என்ன ஏற்பாடு, காலையும் மாலையும் சென்னைக்கு எப்போது? பதில் வந்தால் அப்படியே போடுங்கள், வராவிட்டால் வரவில்லை என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓமலூர் வாசகர் ஒருவர்