மாத்திரை கொடுத்த மணி

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். 61 நாள் தடைக்காலம் முடிந்து தங்கச்சிமடத்தில் போட்டெல்லாம் கடலுக்குப் போயிருக்கும். மச்சானுக்கு நண்டு கிடைத்ததா?

"கிழவிகளைக் குளிப்பாட்டத்தானே போயிருக்க, அதுக்கு எதுக்குடி டிரெயினிங்" என்று போனில் சிரித்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே வீட்டுக்கு ஆள் அனுப்பிக் குளிப்பாட்ட, உடுத்திவிட, ஊட்டிவிட ஒரு கம்பெனி, இந்த மாதிரி சேவைகளைக் கண்காணிக்கிற கேர் குவாலிட்டி கமிஷனில் பதிய வேண்டும். பதியாமல் செய்தால் குற்றம். சமையலும் கூட்டிப் பெருக்குவதும் மட்டும் என்றால் பதிவு தேவையில்லை. வீட்டுக்காரர்களே நேராக ஒருவரை வைத்துக்கொண்டாலும் தேவையில்லை. அதே கை, அதே சோப்பு!

இரண்டாம் மாதம் ஒரு தப்பு செய்தேன். 88 வயதுப் பாட்டிக்கு மூட்டுவலி. காலை ஒன்பதரைக்கு இரண்டு பாராசிட்டமால் கொடுத்தேன். பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் போனில் பதியாமல் ஓடிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு வந்த பெண் பதிவு காலியாக இருப்பதைப் பார்த்து இன்னும் இரண்டு கொடுத்துவிட்டாள். நல்லவேளை, பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபீஸில் யாரும் கத்தவில்லை. மறுபடி பயிற்சி முடித்து, மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று பார்க்கும்வரை மாத்திரை டப்பாவைத் தொடக் கூடாது என்றார்கள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் கமிஷனிலிருந்து ஆய்வு வந்தது. எங்களைக் கேட்டதைவிட அந்தப் பாட்டியிடம் போனில் கேட்டதுதான் அதிகம்: சொன்ன நேரத்துக்கு வருகிறார்களா, குளிக்கும்போது அவசரப்படுத்துகிறார்களா? இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு நான் ஓடும் நேரத்தை யாரும் கேட்கவில்லை. சட்டப்படி கணக்கில் வரவேண்டிய நேரம், என் சம்பளச் சீட்டில் வருவதில்லை. கடலில் பாசி எடுக்கப் போகும்போது அம்மா விரல் விரலாகத் துணி சுற்றுவாளே, அதுபோல ஒவ்வொரு வாசலிலும் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறேன்.

சித்தி மகள் விசாவுக்கு ஏஜெண்ட் கேட்கிற பணத்தைக் கொடுக்க வேண்டாம். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அப்பத்தாவைப் பார்க்க வரும் பெண்ணிடம் ஆதார் நகல் மட்டும் வாங்கினாய், சரி. பிரஷர் மாத்திரை கொடுத்த மணியை அன்றைய காலண்டர் தாளிலேயே எழுதச் சொல். கிழித்ததைக் குப்பையில் போடாமல் ஆணியில் குத்தி வை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து கூப்பிடுகிறேன், வாசித்துக் காட்டு.

உன் தங்கச்சி