தளபதி தூமாவை மறக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம். பிரெஞ்சுப் புரட்சி என்றாலே நெப்போலியனோடு நின்றுவிடுகிறோம். தளபதி தோமா அலெக்சாந்தர் தூமாவைப் பற்றியும் எழுதுங்கள். இன்றைய ஹைட்டியில் 1762-இல் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர் அவர். 1786-இல் சாதாரணக் குதிரைவீரராகச் சேர்ந்து, புரட்சி திறந்துவிட்ட வழியில் ஏழே ஆண்டுகளில் தளபதியானார். 1797-இல், இன்றைய வட இத்தாலியிலுள்ள கிளாசன் பாலத்தில் ஆஸ்திரியக் குதிரைப்படையைத் தனியொருவராகத் தடுத்து நின்றார்.

எகிப்துப் படையெடுப்பின்போது நெப்போலியனோடு மனக்கசப்பு. திரும்பும் வழியில் தென் இத்தாலியின் தாரந்தோவில் பிடிபட்டு இரண்டாண்டு சிறை. உடல் நொறுங்கித்தான் 1801-இல் வெளியே வந்தார். 1806-இல் வறுமையில் இறந்தபோது, பின்னாளில் பெரும் நாவலாசிரியரான மகன் அலெக்சாந்தர் தூமாவுக்கு நாலு வயதுகூட நிரம்பவில்லை. மனைவிக்கு ஓய்வூதியம்கூடக் கொடுக்கவில்லை. படிக்கப் படிக்க மனம் ஆறவில்லை. பாரிஸில் நின்ற அவருடைய சிலையையும் நாஜி ஆக்கிரமிப்பின்போது உருக்கிவிட்டார்கள்.

- ஒரு வாசகர்