வரையாட்டுக்கு மார்ச் மாதம் தெரியாது

கோத்தகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள மணி,

உன்னுடைய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இந்த ஒரே பதில். கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் குடை விவகாரத்தோடு பாதி உரிமை போய்விட்டது என்று துரைசாமி அண்ணன் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி பிறந்ததற்கு வாழ்த்து. பெயரை மட்டும் நீ வைக்காதே.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பென்சில்வேனியாவில் மகள் வீட்டுக் கொல்லையில் நாலு வெள்ளைவால் மான் நின்றுகொண்டு பூச்செடியை மொட்டையடிக்கிறது. கீழே உன் நக்கல்: "வேட்டைக்காரன் காசில் பெருகிய மான் இது. நீங்கள் வரையாடு என்கிற ஒரு மலை ஆட்டுக்கு இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை காகிதம் செலவாகிறது.

மான் பெருகியது துப்பாக்கியால் அல்ல, மணி, அரசுக் கணக்கில் போட்ட தனித் தலைப்பால். 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க ஐந்து லட்சம் வெள்ளைவால் மான்கூட மிஞ்சவில்லை. இன்று சுமார் மூன்று கோடி. நீ இருக்கும் மாநிலத்திலேயே 1906 முதல் வெளியிலிருந்து மானைப் பிடித்துவந்து விட்டார்கள். 1907-இல் பெட்டையைச் சுடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதெல்லாம் ஆரம்பம். காசு நிலையாக வரத் தொடங்கியது 1937-இல், பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்துக்குப் பிறகு. அதில் புது வரி ஒன்றும் இல்லை. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த வரியைப் பொதுக் கஜானாவில் கரையவிடாமல் காட்டுயிருக்கென்று தனியே ஒதுக்கினார்கள். அதை மாநிலங்களுக்குப் பிரிக்க ஒரு சூத்திரம்: பாதி நிலப்பரப்பின்படி, பாதி வேட்டை லைசென்ஸ் எடுத்தவர்களின் எண்ணிக்கைப்படி. மாநிலம் முதலில் செலவு செய்ய வேண்டும். பிறகு நூற்றுக்கு 75 திரும்பி வரும். கடைசியாக ஒரு ஷரத்து: லைசென்ஸ் கட்டணத்தில் ஒரு டாலரை வேறு செலவுக்குத் திருப்பினாலும் அந்த மாநிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது. நிதித்துறையில் தலை நரைத்தவன் நீ, இந்த ஷரத்தின் அழகை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காசு இருந்தும் கெட்ட கதையும் அங்கேயே உண்டு. காட்டு வான்கோழியை மீட்கப் பல வருஷம் பண்ணையில் குஞ்சு பொரித்துக் காட்டில் விட்டார்கள். அத்தனையும் வீண். தாயோடு அலையாத குஞ்சுக்கு நரியும் தெரியாது, மரத்தில் ஏறி அடையவும் தெரியாது. 1950-களில் இரை போட்டுக் கூட்டத்தை வரவழைத்து, வெடிமருந்தால் சீறிப் பாய்கிற வலையை மேலே வீசிக் காட்டுப் பறவையையே பிடித்து இடம் மாற்றிய பிறகுதான் பெருகியது. முறை தெரியாமல் ஒதுக்கினால் காசு குஞ்சுக்குத் தீனியாகப் போகும், அவ்வளவுதான்.

சூத்திரத்திலும் ஓட்டை இருக்கிறது. லைசென்ஸ் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் வந்தால், துறை வேட்டைக்காரனுக்குப் பிடித்த மிருகத்தைத்தான் பார்க்கும். தவளைக்கு யார் லைசென்ஸ் எடுப்பார்கள்? உன் மகள் தோட்டத்துக்கு வந்த வினைக்கும் இதில் பங்கு உண்டு. மான் அளவுக்கு மீறிப் பெருகினால் காட்டில் மரக்கன்றே தலையெடுக்காது.

நம் மலையிலும் வேட்டை லைசென்ஸால் மிருகத்தைக் காக்கும் இந்த ஏற்பாட்டின் சின்ன வடிவம் இருந்ததை நீ மறந்துவிட்டாய். நீலகிரியில் துரைமார் சுட்டுத் தள்ளி, வரையாடு ஏறக்குறைய தீர்ந்துபோன நிலையில் 1877-இல் வேட்டைச் சங்கம் தொடங்கினார்கள். 1879-இல் சட்டம் வந்தது. லைசென்ஸ், வேட்டைக்கு மூடிய மாதங்கள், பெட்டைக்கும் குட்டிக்கும் விலக்கு. முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல நரைத்த முதிர்ந்த கிடா மட்டும்தான் குறி. ஆனைமுடிப் பக்கம் ஹை ரேஞ்ச் சங்கம் 1928 முதல் முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்து இரவிகுளத்தைப் பார்த்துக்கொண்டது. இன்றைக்கும் வரையாடு மிக அடர்த்தியாக இருக்கும் இடம் அதுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் வைத்தது. 1991 திருத்தம் வேட்டை லைசென்ஸையே எடுத்துவிட்டது. நல்லதுதான். நான் துப்பாக்கியைத் திரும்பக் கேட்கவில்லை. துப்பாக்கியோடு சேர்ந்து லைசென்ஸ் காசு விழுந்த அந்தச் சின்னச் சுருக்குப்பையும் போய்விட்டது என்பதுதான் என் புலம்பல்.

இப்போது இருப்பது திட்டக் காசு. 2022-இல் அறிவித்த வரையாடு திட்டத்துக்கு ஐந்து வருஷத்துக்கு 25.14 கோடி. ஒரு மிருகத்துக்கென்று மாநில அரசு இப்படி ஒதுக்கியது பெரிய விஷயம், அதில் குறை சொல்ல மாட்டேன். சராசரி வருஷத்துக்கு ஐந்து கோடி. ஆனால் ஐந்தாம் வருஷம் முடிந்த மறுநாள் வாட்டில் என்கிற சீகை மரம் வளர்வதை நிறுத்துமா?

சீகையைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. வரையாட்டின் புல்வெளியைத் தின்பது இதுதான். புல் போனால் மேய்ச்சல் போகும். மரம் வந்தால் சிறுத்தையும் செந்நாயும் மறைந்து நெருங்க வழி கிடைக்கும். வரையாடு கண்ணை நம்பிப் பிழைக்கிற மிருகம், திறந்த வெளியும் பக்கத்தில் செங்குத்துப் பாறையும் இருந்தால்தான் அதற்கு உயிர்.

வெட்டினால் தீர்ந்தது என்று கோட்டையில் நினைக்கிறார்கள். கறுப்புச் சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உறங்கும். மரத்தை வெட்டி வெயில் விழுந்தாலோ, தீ பட்டாலோ, இழுத்துப்போகும் கட்டை மண்ணைக் கீறினாலோ ஒரே மழையில் கம்பளம்போல முளைத்துவிடும். வெள்ளிச் சீகை இன்னும் மோசம், வேரிலிருந்தே துளிர்க்கும். அதனால் அடர்ந்த தோப்பில் கை வைக்கக்கூடாது; புல் இன்னும் உயிரோடு இருந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சீகை ஏறுகிற ஓரத்தில் தொடங்கி உள்ளே போக வேண்டும். நாற்றை மண் ஈரமாக இருக்கும்போது, முழங்கால் உயரத்துக்குள் இருக்கையிலேயே கையால் வேரோடு பிடுங்க வேண்டும். அதைத் தாண்டினால் வேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். அதே இடத்துக்கு அடுத்த வருஷமும் போக வேண்டும், அதற்கடுத்த வருஷமும். பழைய தோப்புக்குக் கீழே மலையின் சொந்தக் காடான சோலையின் கன்று வந்திருந்தால் அந்த இடத்தை விட்டுவிடு, நிழலில் சோலை தானே எழும். எல்லாவற்றையும் புல்வெளியாக்குகிறேன் என்று கிளம்புகிற உற்சாகிகளைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

புல்லே இல்லாத இடத்தில் நட வேண்டும். ஐம்பது சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் எக்டேருக்கு 40,000 தூர். முப்பதில் நட்டால் ஒரு லட்சத்துப் பதினோராயிரம். அந்த மலையின் புல்லையே பிரித்து நாற்றங்காலில் பெருக்க வேண்டும். கோடையில் நாற்றங்கால் தயாராக இருந்தால்தான் ஜூன், ஜூலையில் தென்மேற்கு மழையோடு நட முடியும். நம் பணமோ வருஷக் கடைசியில் வரும், மார்ச் 31-க்குள் செலவாக வேண்டும். டிசம்பரிலிருந்து உறைபனி, அப்புறம் வறட்சி. அந்த நேரத்தில் நட்ட புல் கருகும். நடாவிட்டால் பணம் சரண்டர், அரசுக்கே திரும்பிவிடும். ரேஞ்சர் என்ன செய்வார்? போர்டு எழுதுவார், வேலி போடுவார், படம் எடுப்பார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வரையாட்டுக்கு மார்ச் மாதம் தெரியாதே!

காட்டை அழிப்பவர்கள் கட்டும் காடு வளர்ப்பு ஈட்டு நிதி இருக்கிறதே என்பாய். இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் காடு என்றால் மரம். மரத்தை எடுத்துப் புல் வைக்கிறேன் என்றால் தணிக்கைக்காரருக்கு மயக்கம் வருகிறது. நீயும் அந்த இனம்தானே.

இனி எண்ணிக்கை. 2024-இல் தமிழ்நாட்டில் 1,031. 2025-இல் கேரளாவோடு சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணியபோது இங்கே 1,303, அங்கே 1,365, மொத்தம் 2,668. உடனே "26 சதவீதம் பெருகியது" என்று ஜோசப் தொலைபேசியில் குதிக்கிறான். பெட்டை வழக்கமாக ஒரு ஈற்றில் ஒரு குட்டிதான் போடும், அதிலும் நிறையக் குட்டி முதல் வருஷத்தைத் தாண்டாது. ஒரே வருஷத்தில் பிறப்பால் மட்டும் இப்படி ஏறாது. பார்த்த இடமும் பார்த்த கண்ணும் கூடினால் எண்ணும் கூடும். அதனால்தான் ஒரே பகுதியை இரண்டு குழு, ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனியே பார்க்கும் முறையைச் சொல்கிறோம். முதல் குழு 12 மந்தை, இரண்டாவது 10 மந்தை, இரண்டும் பார்த்தது 8 என்றால் 12-ஐ 10-ஆல் பெருக்கி 8-ஆல் வகு: உண்மையில் 15 மந்தை இருக்கலாம். இது எங்கே கெடும் தெரியுமா? எந்த மந்தை எது என்று அடையாளம் குழம்பும்போது. மூடுபனியில் மந்தை இரண்டாகப் பிரிந்தால் "8" பொய்யாகிவிடும். ஆகவே தலை எண்ணிக்கையோடு சேணக் கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று பிரித்து எழுத வேண்டும். எனக்கு மொத்தத்தைவிட நூறு பெட்டைக்கு எத்தனை குட்டி என்பதுதான் முக்கியம். அதே ஆட்கள், அதே பகுதி, அதே மாதம், பத்து வருஷம். அதற்கும் பழக்கப்பட்ட வாட்ச்சர் வேண்டும். சம்பளம் மூன்று மாதம் தள்ளிப்போனால் அவன் தேயிலைத் தோட்டத்துக்குப் போவான். அவனோடு எந்த மந்தை எந்தப் பாறையில் அடையும் என்ற அறிவும் போய்விடும்.

ஆட்டைப் பிடித்து வேறு மலையில் விடலாமே என்று கேட்டிருந்தாய். விடலாம், ஆனால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டக்கூடாது. வடக்கு ஆடும் தெற்கு ஆடும் மரபணுவில் விலகி நெடுங்காலம் ஆகிறது. மயக்க ஊசி போட்டால் பாறையை நோக்கித்தான் ஓடும். விழுந்து சாகலாம், துரத்திய மிரட்சியில் தசை சிதைந்து பிறகும் சாகலாம். மழைக்காலத்தில் இணை சேர்ந்து ஜனவரி, பிப்ரவரியில் ஈனும் மிருகம். ஆகவே நவம்பரிலிருந்து ஊசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். விடப்போகும் இடத்தில் முதலில் புல் இருக்கிறதா என்று பார். அது இல்லாமல் விட்டால் வான்கோழிக் குஞ்சு கதைதான்.

சரி, காசு எங்கிருந்து? இதைத்தான் இரண்டு மாதமாக மென்றுகொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் யார் அந்த மிருகத்தால் பயன்பெறுகிறானோ அவன் வாங்கும் சாமானில் வரி. இங்கே புல்வெளியால் பயன்பெறுவது யார்? மேல் பவானி, அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்தப் புல்லும் சோலையும் பிடித்துவைத்து விடுகிற தண்ணீர்தான் குந்தா மின் நிலையங்களைச் சுற்றுகிறது. யூனிட்டுக்கு ஒரு பைசா எடுத்தால் 100 கோடி யூனிட்டுக்கு ஒரு கோடி ரூபாய். யாருக்கும் வலிக்காது. அதோடு எடுக்கும் சீகைக் கட்டையைக் காகித ஆலைக்கு விற்ற பணம், நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு. மூன்றையும் ஒரு மூலதன நிதியில் போட்டு வட்டியை மட்டும் எடுக்க வேண்டும். வருஷம் ஐந்து கோடி வேண்டுமானால் ஏழு சதவீத வட்டிக்கு 71 கோடிக்கு மேல் மூலதனம் வேண்டும். விலைவாசியையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரே நாளில் வராது, தெரியும். பத்து வருஷத்தில் சேர்க்கலாம்.

சேர்ந்த பிறகு யாராவது அதில் ஜீப் வாங்குவார்கள், விருந்தினர் மாளிகைக்கு டைல்ஸ் போடுவார்கள். அதற்குத்தான் நீ வேண்டும். வேறு செலவுக்குத் திருப்பினால் அடுத்த வருஷத் தவணை நிற்கும் என்று அமெரிக்கச் சட்டத்தில் உள்ளதைப் போல ஒரு ஷரத்து, மார்ச் 31-இல் சரண்டர் ஆகாது என்று இன்னொன்று. இரண்டையும் கோட்டைத் தமிழில் எழுதித் தா. நான் எழுதினால் கடிதம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். இந்த நிதிக்கான வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். ஊர் திரும்பும் முன் சிவப்புப் பேனாவால் கிழித்து அனுப்பு. நாலாம் பக்கத்தில் உள்ள நாற்றங்கால் செலவை மட்டும் குறைக்காதே, அதில் ஏற்கெனவே கொழுப்பு இல்லை.

மகளிடம் சொல்: மானுக்கு வேலி போடுவதானால் எட்டடி உயரம் வேண்டும். ஆறடி போட்டுவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

அன்புடன்,
சேகர்

பின்குறிப்பு: துரைசாமி அண்ணன் குடையைத் திருப்பிக் கேட்கிறார்.