ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி

பள்ளத்தூர்,
ஞாயிறு.

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. ஓவர்சியர் பேரனுக்குக் காதுகுத்து முடிந்தது. நீ வராததற்குத் திட்டு வாங்கினது நான். சரி, அதை விடு.

அப்பச்சியின் புல்லட்டுக்கு முழு வயரிங்கையும் நானே மாற்றிவிட்டேன். சிரிக்காதே. பாலிடெக்னிக் லேபில் என் மேஜைப் பக்கமே வரமாட்டேன் என்று தள்ளி நின்றவன் நீ. இப்போது வந்து பார்.

போன மாதம் காரைக்குடியிலிருந்து இருட்டில் வந்துகொண்டிருந்தேன். கோட்டையூர் தாண்டினதும் மாடு ஒன்று குறுக்கே வர, ஹாரனை அமுக்கினேன். ஹெட்லைட் செத்துவிட்டது. ஹாரனை விட்டால் மினுக்கென்று திரும்பி வருகிறது, அமுக்கினால் போகிறது. எதிரே லாரி. எப்படியோ ஓரம் கட்டினேன். இத்தனைக்கும் அதற்குச் சில நாள் முன்னால்தான் ஒரு பட்டறையில், ‘எல்லாம் பாத்தாச்சுண்ணே, இனிமே பத்து வருஷத்துக்குத் தொட வேணாம்’ என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தார்கள்.

மறுநாள் டேங்கைக் கழற்றினேன். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான், பயப்படாதே. உள்ளே இருந்ததை வயரிங் என்று சொல்ல மனசு வரவில்லை. டேப் மேல் டேப். அதைப் பிரித்தால் ஒட்டு, ஒட்டுக்குள் இன்னொரு ஒட்டு. ஒரு இடத்தில் ஸ்பீக்கர் வயர். ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பக்கம் மூன்று வயர்கள் தோல் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. அப்புறம் ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்தேன். ஃபியூஸ் இல்லை. தடித்த செம்புக் கம்பியை வளைத்துச் செருகியிருந்தார்கள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் மச்சான். பல்பைக் காப்பாற்றவா ஃபியூஸ்? வயரைக் காப்பாற்றத்தானே. எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால், அறுந்து விழவேண்டியது ஃபியூஸ். அந்த இடத்தில் செம்புக் கம்பி இருந்தால், அடுத்து எரிவது வயர். வயருக்கு மேலே டேங்க். அந்த வண்டி ராத்திரி நிற்பது எங்கள் வீட்டு முகப்பில், பர்மா தேக்குத் தூணுக்குப் பக்கத்தில். எத்தனை ராத்திரி அப்படி நின்றதோ!

சரி, வேலைக்கு வருகிறேன். கழற்றுவதற்கு முன்னால் ஹெட்லைட்டைப் போட்டு அளந்து வைத்திருந்தேன். பேட்டரி முனையில் 12.3 வோல்ட். பல்பு ஹோல்டரில் 10.6. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும், இங்கே அதற்கும் மேலே போயிருந்தது. இத்தனை காலமும் என் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மதுரைக்குப் போய்க் கண்ணாடிகூட மாற்றினேன்.

வழியில் காணாமல் போன அந்த வோல்ட்டில் பாதியைத் தின்றது எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழி. பாடிதானே எர்த் என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஹெட்லைட்டின் எர்த் ஃபிரேமுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? ஹேண்டில் கழுத்தில் குண்டுகள் உருளுகிற ஸ்டீயரிங் பால் ரேஸ் வழியாக, கிரீஸையும் துருவையும் தாண்டி. ஹேண்டிலைத் திருப்பினால் வெளிச்சம் ஏறி இறங்கினதன் ரகசியம் அதுதான். இப்போது ஒவ்வொரு விளக்குக்கும் பேட்டரி மைனஸிலிருந்து தனிக் கறுப்பு வயர். பெயிண்டை நம்பி எதுவும் இல்லை.

ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் ஆளுக்கொரு ரிலே, சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கிற ஸ்விட்ச். ஹேண்டில் ஸ்விட்ச் வழியாகப் போவது ரிலேயின் 85, 86-ஆம் நம்பர் கால்களுக்கான பொடிக் கரண்ட் மட்டும். பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு வந்து 87-ல் பல்புக்குப் போய்விடும். இப்போது ஹாரனை எவ்வளவு நேரம் அமுக்கினாலும் வெளிச்சம் அசைவதில்லை. தெரு நாய்களுக்குத்தான் என்மேல் கோபம்.

பெங்களூர்ப் பயல் போனில், ‘நூறு வாட் பல்பு போடுங்கப்பா’ என்றான். நூறை 12-ஆல் வகுத்தால் எட்டு ஆம்பியருக்கு மேலே வருகிறது. இந்தக் கிழட்டு ஆல்டர்னேட்டர் அதற்கு எங்கே போகும்? முப்பத்தைந்து வாட்டே ஒழுங்காக எரிந்தால் போதும் என்றேன். அவனுக்கு அதில் சந்தோஷம் இல்லை.

உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ஒட்டு என்றால் சால்டரிங்தான் என்று மேடை போட்டுப் பேசுவாயே, வண்டிக்கு அது ஆகாது. ஈயம் இழைக்குள் ஏறி வயரை விறைக்க வைத்துவிடுகிறது. புல்லட் அதிர்கிற அதிர்வில், ஈயம் முடிகிற இடத்தில் இழை இழையாக அறுகிறது. பழைய வயரிலேயே அப்படி அறுந்ததை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். நான் நல்ல கிரிம்பிங் பிளையர் வாங்கி, வயர் முனைக்கு லக்ஸ் (உலோக முனை) போட்டு, மேலே ஸ்லீவ் சுட்டு இறுக்கினேன். ரெடிமேட் வயரிங் கிட்டும் கிடைக்கிறது. ஆனால் அதில் இந்த ரிலே, தனி எர்த் எல்லாம் ஏது? காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் கடை கடையாக அலைந்து கலர் கலராக வயர் வாங்கினேன். பழைய வயரிங்கை வீட்டுக் கூடத்தில், பட்டாலையில் விரித்துப் போட்டு, நீளம் பார்த்து வெட்டினேன். அதனால் பட்டாலையில் கால் வைக்க இடமில்லை. உன் தங்கச்சி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். வண்டி ஸ்டார்ட் ஆன அன்றைக்குத்தான் காப்பி வந்தது.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன்.

வண்டி முடிந்த கையோடு, மீட்டர் கையில் இருக்கிறதே என்று வீட்டு மெயின் போர்டையும் திறந்து பார்த்தேன். பீங்கான் ஃபியூஸ் கட்டையை இழுத்தால், அங்கேயும் அதே தடித்த செம்புக் கம்பி. யார் எப்போது போட்டதோ, யாரைக் கேட்பது? வளவை, அதான் உள்முற்றத்தைச் சுற்றி மரப்பட்டியில் ஓடுகிறதே பழைய வயர், ரப்பரும் நூலும் சுற்றினது, அதை ஒரு இடத்தில் லேசாக நகர்த்தினேன். ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எர்த் வயர் என்ற பேச்சே கிடையாது. இரண்டாம் கட்டில் கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று வேலைக்கார ஆச்சி வருஷக்கணக்காகச் சொல்லி வந்தது வெறும் புலம்பல் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த மாதம் முன்னோருக்குப் படைப்பு. பங்காளிகள் எல்லோரும் வந்து இறங்குவார்கள். சமையல்காரர்கள் இரண்டு மூன்று கிரைண்டர் போடுவார்கள், வாசலுக்குச் சீரியல் செட், பின்கட்டில் குழந்தைகள் ஈரக்காலோடு ஓடுவார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டேன். கோலாலம்பூரிலிருந்து கும்பிடு பொம்மை வந்தது. சென்னையிலிருந்து ‘இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே’ என்று வந்தது. பணம் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை நான் வண்டியைப் பிரித்துப் போட்டு விளையாடுகிறவன். பங்குள்ள வீடு, நான் ஒருத்தன் முடிவு எடுக்கவும் முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், நீ வா. முப்பது வருஷம் இதே வேலை பார்த்து ரிட்டையர் ஆன இன்ஜினியர், எங்கள் வீட்டில் பங்கும் கிடையாது. வயர்த் தோல் கரண்ட்டைத் தாங்குகிறதா என்று பார்க்கிற அந்த 500 வோல்ட் மெக்கரைக் கொண்டுவந்து லைன் லைனாக அளந்து, என்ன ரீடிங் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அதைப் படம் எடுத்துக் குழுவில் போடுகிறேன். முழு வீட்டையும் மாற்ற இப்போது நேரமில்லை. படைப்புக்கு முன்னால் ஒரு எர்த் குழி, கரண்ட் கசிந்தால் தானே லைனை வெட்டுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று, அடுப்படிக்குத் தனி லைன், இவ்வளவு ஆனால்கூடப் போதும். அந்தச் செலவு என் கையிலிருந்து. மிச்சத்துக்குத்தான் உன் தாள்.

பல்லவன் ரயிலில் ஏறு. ஸ்டேஷனுக்கு வருகிறேன். முழங்காலைச் சாக்குச் சொல்லாதே, ஏணியில் நான் ஏறுகிறேன், நீ கீழே உட்கார்ந்து ரீடிங் எழுதினால் போதும். மெக்கரைப் புல்லட் பக்கம் மட்டும் கொண்டுபோகாதே, 500 வோல்ட்டைக் கொடுத்து என் புது ரெக்டிஃபையரைக் கொன்றுவிடாதே.

எந்தத் தேதி என்று இந்த வாரத்துக்குள் சொல்லு. எலக்ட்ரீஷியனை அதற்குத் தகுந்தபடி பிடித்து வைக்கவேண்டும், முகூர்த்த மாதத்தில் ஆள் கிடைக்கமாட்டான்.

அன்புடன்,
பட்டறை